அண்ணாச்சியைக் கேளுங்கள்: பிரிமணையில் ஒரு பளிங்கு

இந்த மாதம் வந்த கடிதக் கட்டில் ஐந்து, கண்ணாடி உருண்டையைப் பற்றியவை. நாற்பது வருஷம் திருநெல்வேலி டவுன் ரத வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவன் என்பதால் உருண்டைக் கண்ணாடிக்கும் நானே பொறுப்பு என்று ஆசிரியர் முடிவு செய்துவிட்டார். மூட்டுவலி, பாகப்பிரிவினை, பேரன் படிப்பு கேட்டு எழுதியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு 26 வயது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். இரண்டு வருஷமாக விக்கா என்ற மேல்நாட்டு வழிபாட்டு வழியில் இருக்கிறேன். கூட்டம் எதிலும் சேரவில்லை, தனியாகத்தான். போன மாதம் இணையத்தில் 'ஒரிஜினல் கிரிஸ்டல் பால்' என்று 80 மில்லிமீட்டர் உருண்டை ஒன்றை 4,200 ரூபாய்க்கு வாங்கினேன். துளி மாசு இல்லை. சமையலறைத் தராசில் 672 கிராம். அதனுடன் வந்த ஸ்டாண்டு உடைந்திருந்ததால் வீட்டில் கிடந்த பிரிமணை மேல் வைத்திருக்கிறேன். இது நிஜ ஸ்படிகம்தானா? பௌர்ணமிச் சடங்கில் எப்படிப் பயன்படுத்துவது? பத்து நிமிஷம் பார்த்தால் உள்ளே புகை மாதிரி வருகிறது. பயமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. ஆற்றில் கொண்டுபோய்ப் போடு என்கிறாள் அம்மா. (வாசகி, பெருமாள்புரம்)

பதில்: எடையிலிருந்து தொடங்குவோம் தாயி. 80 மில்லிமீட்டர் குறுக்களவு என்றால் கன அளவு 268 கன சென்டிமீட்டர். ஸ்படிகம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம். ஆக 710 கிராம் நிற்க வேண்டும். இந்த மாதிரி உருண்டைகள் செய்யும் கே9 என்ற கண்ணாடி 2.5 கிராம் சொச்சம். கணக்குப் போட்டால் உங்கள் 672-க்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறது. ஆனால் குறுக்களவு ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்து 79 ஆக இருந்தால் ஸ்படிகமே 684 கிராம்தான் வரும். தையல் டேப்பில் ஒரு மில்லிமீட்டரை யார் பார்க்கிறார்கள்? அதனால் எடையை மட்டும் வைத்து நான் தீர்ப்பு எழுத மாட்டேன்.

இதைச் செய்து பாருங்கள். வெள்ளைத் தாளில் மெல்லிய பேனாவால் ஒரு கோடு போட்டு, மேலே உருண்டையை வைத்து, உருண்டை வழியாகக் கோட்டைப் பாருங்கள். உருண்டையை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். ஸ்படிகம் ஒளியை இரண்டாகப் பிரிக்கும் கல். ஏதாவது ஒரு நிலையில் கோடு இரட்டைக் கோடாகத் தெரியும். எப்படித் திருப்பினாலும் ஒற்றைக் கோடாகவே இருந்தால் கண்ணாடி. லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது உள்ளே உருண்டையான குட்டிக் குமிழி கண்ணில் பட்டால் அதற்கு மேல் ஆராய்ச்சியே வேண்டாம், கண்ணாடிதான்.

எங்கள் அப்பா காலத்தில் இந்தச் சோதனை கடையில் அன்றாட வேலை. தஞ்சாவூர்ப் பக்கம் வல்லத்தில் கிடைக்கும் ஸ்படிகக் கூழாங்கல்லைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்வார்கள். 'வல்லம் கல்லுக் கண்ணாடி, கண்ணுக்குக் குளிர்ச்சி' என்று பெரிய மனிதர்கள் தேடி வாங்குவார்கள். குளிர்ச்சி என்பது ஒருவகையில் நிஜம். ஸ்படிகம் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்வதால் தொட்டால் கண்ணாடியைவிட ஜில்லென்று இருக்கும். அப்பாவிடம் டூர்மலின் கல் பதித்த ஒரு இடுக்கி உண்டு. இரண்டு கல்லையும் குறுக்காகத் திருப்பினால் இருட்டாகிவிடும். நடுவில் வல்லம் கல்லை வைத்தால் வெளிச்சம் தெரியும், சாதாரணக் கண்ணாடியை வைத்தால் இருட்டு இருட்டாகவே இருக்கும். தாத்தா சொத்து என்று பெருமையாகக் கொண்டுவருபவர்களில் பாதிப் பேருக்கு இருட்டுதான். அப்பா அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். 'பவர் நல்லா இருக்கு, போட்டுக்கிடுங்க' என்று துடைத்துக் கொடுத்துவிடுவார்.

80 மில்லிமீட்டரில் துளி மாசு இல்லாத இயற்கை ஸ்படிகம் 4,200 ரூபாய்க்கு வருமா என்று கேட்டால், வராது என்பதுதான் என் கணிப்பு. நல்ல கண்ணாடியையும் 'கிரிஸ்டல்' என்றே விற்பது அந்தத் தொழில் வழக்கம். பெயரில் பொய் இல்லை, 'ஒரிஜினல்' என்பதில்தான் சில்மிஷம்.

சரி, கண்ணாடி என்றால் சடங்குக்கு ஆகாதா? தாராளமாக ஆகும். விக்காவில் பீடத்துக்கு வேண்டியவை என்று பொதுவாகச் சொல்வது நான்கு: அத்தமே என்கிற கறுப்புப் பிடிக் கத்தி, கோல், கிண்ணம், ஐந்துமுனை நட்சத்திரம் பொறித்த பெண்டக்கிள் தட்டு. பளிங்கு உருண்டை இந்த நாலில் இல்லை. அது உற்றுப் பார்ப்பதற்கான துணைக்கருவி. அதன் இடத்தில் கறுப்புக் கண்ணாடி வைக்கலாம், கிண்ணத்தில் தண்ணீர் வைக்கலாம். முதலாம் எலிசபெத் ராணிக்கு ஆலோசகராக இருந்த ஜான் டீ பயன்படுத்தியதாகச் சொல்லும் பொருள்கள் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அங்கே நர்ஸாக வேலை பார்க்கும் என் தங்கை மகள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பளிங்கு உருண்டை எலுமிச்சம்பழம் போலச் சின்னதாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த வட்டமான கறுப்புக் கண்ணாடி முன்னால்தான் கூட்டம். எரிமலைக் கல்லைத் தேய்த்துச் செய்தது. மெக்சிகோவில் பச்சூகா என்ற இடத்துக் கல் என்று 2021-ல் ஆராய்ந்து உறுதி செய்தார்கள். அத்தனை தூரத்திலிருந்து வந்த கல்லில் அவர் பார்த்தார். நீங்கள் ஒரு வெண்கல உருளியில் தாமிரபரணித் தண்ணீர் நிரப்பிப் பார்த்தாலும் முறை முறைதான். 4,200 ரூபாய் மிச்சமாகியிருக்கும், அவ்வளவுதான்.

பார்க்கும் விதத்துக்கு வருகிறேன். நிலா வெளிச்சத்தில் வைத்தோ, ஊதுபத்திப் புகை காட்டியோ, உப்புத் தண்ணீரில் கழுவியோ முதலில் சுத்தி செய்வது உங்கள் வழக்கம். மூன்றாலும் கண்ணாடிக்குக் கெடுதல் இல்லை. கெடுதல் எதில் வரும் என்றால், துடைப்பதில். நம் ஊர்க் காற்றில் வரும் தூசியில் மணல் இருக்கிறது, மணல் கண்ணாடியைவிடக் கடினம். காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். முதலில் தண்ணீரில் அலசி, அப்புறம் பழைய மல் வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். துப்பட்டா நுனியால் துடைக்கவே கூடாது. நாற்பது வருஷமாகக் கடையில் நான் சொல்லி யாரும் கேட்காத புத்திமதி இது.

பிரிமணை மேல் கறுப்புத் துணி விரித்து, அதன்மேல் உருண்டையை வையுங்கள். மெழுகுவத்தி உங்கள் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். சுடர் உருண்டையில் பிரதிபலித்தால் கண் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். மின்விசிறியை நிறுத்துங்கள் (மே மாதத்தில் இதுவே பெரிய தவம்). உருண்டையின் மேற்பரப்பைப் பார்க்காமல் நடுவில் எங்கோ பார்க்கிற மாதிரி பார்வையைத் தளர்த்துங்கள். இமைக்கலாம், பந்தயம் ஒன்றும் இல்லை. பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். முடிந்ததும் என்ன தோன்றியது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டு, உருண்டையை மூடி வையுங்கள்.

அந்தப் புகை. கண்ணை அசைக்காமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சுற்றிலும் உள்ளவை மங்கிக் கரைந்துபோகும். 1804-லேயே ட்ராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் இதை எழுதி வைத்துவிட்டார். மாறாத காட்சியைக் கண் கொஞ்ச நேரத்தில் கணக்கிலேயே எடுக்காது, விரலில் போட்ட மோதிரத்தை நாம் மறந்துபோகிற மாதிரி. மங்கிய இடத்தில் மனசு தன் சரக்கைக் கொண்டுவந்து போடும். 1889-ல் 'மிஸ் எக்ஸ்' என்ற புனைபெயரில் ஒரு அம்மாள் தன் பளிங்கு அனுபவங்களை லண்டனில் வெளியிட்டார். ஒருநாள் பளிங்கில் செய்தித்தாள் எழுத்துப்போலத் தெரிந்தது, தெரிந்தவர் ஒருவரின் மரண அறிவிப்பு. தேடிப் பார்த்தால், முந்தின நாள் கணப்புச் சூடு முகத்தில் அடிக்காமல் இருக்க அவர் கையில் பிடித்திருந்த பேப்பரிலேயே அந்த அறிவிப்பு இருந்தது. கண் பார்த்திருக்கிறது, அவர் பார்க்கவில்லை. எனக்கு இந்தச் சம்பவம் ரொம்பப் பிடிக்கும். பளிங்கை 'அடுத்தது காட்டும்' என்று வள்ளுவர் சொன்னாரே, அடுத்த மாதம் நடக்கப்போவதை அல்ல, அடுத்து இருப்பதை.

எனவே பயம் வேண்டாம். சந்தோஷத்தை வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டாலோ, உருண்டையை மூடிய பிறகும் ஏதாவது தெரிந்தாலோ மட்டும் நிறுத்திவிட்டு ஒரு டாக்டரைப் பாருங்கள். பகலில் அதை வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள், காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது. ஆற்றில் போடவும் வேண்டாம். குறுக்குத்துறையில் குளிக்கிற பிள்ளைகள் காலில் மிதிபடும்.

*

கேள்வி: அலமாரி மேல் அழகுக்காகக் கண்ணாடி உருண்டை வைத்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் ஜன்னல் திரையில் வளைவாக ஒரு கருகல் கோடு. வீட்டில் ஆள் இல்லை, அடுப்பு இல்லை. யாரோ ஏவிவிட்டார்கள் என்கிறாள் மனைவி. (வங்கி ஊழியர், வள்ளியூர்)

பதில்: ஏவிவிட்டது சூரியன். கண்ணாடி உருண்டை என்பது நல்ல தடித்த பூதக்கண்ணாடி. அதற்குள் புகுந்த வெயில் மறுபக்கத்தில் ஒரு புள்ளியில் குவியும். 10 சென்டிமீட்டர் உருண்டை என்றால் அதன் ஓரத்திலிருந்து சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி. அந்த இடத்தில் துணியோ தாளோ இருந்தால் முடிந்தது.

கோடு ஏன் வளைவாக இருக்கிறது தெரியுமா? சூரியன் நகர நகர அந்தப் புள்ளியும் நகர்ந்திருக்கிறது. இதை வைத்தே ஒரு கருவி உண்டு. 1853-ல் கேம்பல் என்பவர் யோசித்தது, 1879-ல் ஸ்டோக்ஸ் திருத்தியது. வானிலை நிலையங்களில் கண்ணாடி உருண்டையைத் திறந்தவெளியில் வைத்து, பின்னால் அளவு குறித்த அட்டையைச் செருகிவிடுவார்கள். வெயில் அடித்த நேரமெல்லாம் அட்டை கருகும், மேகம் மூடிய நேரம் கருகாது. சாயங்காலம் அட்டையை எடுத்துக் கோட்டை அளந்தால் அன்றைக்கு எத்தனை மணி நேரம் வெயில் என்று தெரிந்துவிடும். உங்கள் திரையில் இருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமையின் வெயில் கணக்கு. நடுவில் கோடு விட்டுப்போயிருந்தால் அப்போது மேகம். மனைவியிடம் காட்டுங்கள். காட்டிவிட்டு உருண்டையை உள்ளறையில், ஒரு துணி போட்டு மூடி வையுங்கள். வீடு தப்பியதே பெரிசு.

*

கேள்வி: பளிங்கு உருண்டையில் என் கல்யாணத் தேதி தெரியுமா? (இளைஞர், சங்கரன்கோவில்)

பதில்: உங்கள் முகம் தெரியும். தலைகீழாக.

*

கேள்வி: எங்கள் பக்கம் ஆடு காணாமல் போனால் வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பார்கள். இந்த உருண்டையும் அதுவும் ஒன்றுதானே? வெள்ளைக்காரன் செய்தால் சடங்கு, நாம் செய்தால் மூடநம்பிக்கையா அண்ணாச்சி? (ஓய்வுபெற்ற தபால்காரர், ஆழ்வார்குறிச்சி)

பதில்: நியாயமான கோபம். பார்ப்பது என்கிற அளவில் இரண்டும் ஒன்றுதான். மினுமினுப்பான ஏதோ ஒன்று, மங்கிய வெளிச்சம், அசையாத கண். ஆனால் மை விஷயத்தில் நான் வெளியே நின்று பேசுகிறவன் இல்லை. மை பார்த்தவனே நான்தான்.

1960. எனக்கு ஒன்பது வயது. முழுப்பரீட்சை லீவுக்குக் களக்காட்டுப் பக்கம் அம்மா பிறந்த ஊருக்குப் போயிருந்தோம். ஆச்சியின் பாம்படம் ஒரு ஜோடி காணாமல் போய்விட்டது. காது வலிக்கிறது என்று கழற்றித் துணியில் முடிந்து வைத்தது. இரண்டு நாள் வீட்டைப் புரட்டினார்கள். மூன்றாம் நாள் மாமா போய் ஒரு மைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மை பார்க்கச் சின்னப் பிள்ளை வேண்டுமாம், அதற்குத்தான் தெரியுமாம். என்னைக் குளிப்பாட்டி, திருநீறு பூசி, கிழக்கே பார்த்து உட்கார வைத்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

வெற்றிலை நடுவில் விளக்கெண்ணெயில் குழைத்த மையை எட்டணா அளவுக்கு வட்டமாகத் தடவி, குத்துவிளக்கு வெளிச்சத்தில் என் கையில் கொடுத்தார். 'பாரு தம்பி, ஒரு ஆள் வந்து பெருக்குதானா?' எனக்குத் தெரிந்தது விளக்குச் சுடரும் என் மூக்கும். தெரியலை என்றேன். 'நல்லா பாரு. பெருக்கித் தண்ணி தெளிப்பான்.' மூன்றாவது தடவை கேட்டபோது சுடர் ஆடியது பெருக்குவது மாதிரித்தான் இருந்தது. ஆமா என்றேன். வீடே பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சின் ருசி இன்னமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்புறம் நாற்காலி போட்டார்கள், ஆஞ்சநேயர் வந்தார், எல்லாவற்றுக்கும் ஆமா. 'எடுத்தது ஆம்பிளையா, பொம்பளையா?' மாமா முகத்தைப் பார்த்தேன். பொம்பளை என்றேன். 'சேலை என்ன நிறம்? செவப்பா?' ஆமா.

நெல் குத்த வருகிற அக்கா ஒருத்தி இருந்தாள். அவளிடம் இருந்ததே இரண்டு சேலை, அதில் ஒன்று சிவப்பு. அவளை யாரும் அடிக்கவில்லை, போலீசுக்கும் போகவில்லை. மறுநாள் முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் வேறு வீட்டிலும் அதற்குப் பிறகு அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. மாஞ்சோலை எஸ்டேட்டுக்கு ஏறிப் போய்விட்டதாக அப்புறம் கேள்விப்பட்டோம்.

தை அறுவடைக்கு முன்னால் நெல் குலுக்கையைக் காலி செய்தபோது அடியில் துணி முடிச்சு கிடந்தது. ஆச்சியே பத்திரம் என்று உள்ளே போட்டிருக்கிறாள். யாரும் மாஞ்சோலைக்கு ஆள் அனுப்பவில்லை. என்னிடம் யாரும் கோபப்படவும் இல்லை. 'சின்னப் பய, அவனுக்கென்ன தெரியும்' என்றார்கள். மை பார்க்கும்போது சின்னப் பயலுக்குத்தான் எல்லாம் தெரியும் என்றவர்கள்.

ரொம்ப வருஷம் கழித்து, 1830-களில் கெய்ரோவில் நடந்ததை எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் பதிந்து வைத்திருப்பதை வாசித்தேன். அங்கே ஒரு பையனின் உள்ளங்கையில் மை ஊற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். அவனுக்கு முதலில் தெரிந்ததும் தரையைப் பெருக்குகிற ஒரு ஆள்தான்! எந்த வழியாகக் கெய்ரோவிலிருந்து களக்காட்டுக்கு வந்தான், இல்லை இங்கிருந்து அங்கே போனான் என்று எனக்குப் புரியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டேன், அன்றைக்கு மேலே வாசிக்க முடியவில்லை.

முதல் பதிலில் சொன்ன ஜான் டீ கதையும் இதே இனம். அவருக்கே பளிங்கில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. எட்வர்ட் கெல்லி என்பவர் பார்த்துச் சொல்வார், டீ எழுதிக்கொள்வார். 1587-ல் ஒருநாள் கெல்லி, இரண்டு பேரும் மனைவிமாரைப் பொதுவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தேவதைகள் சொல்வதாகச் சொன்னார். பெரிய கணித மேதை, அதையும் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார். பார்க்கிறவர் ஒருவர், கேட்கிறவர் இன்னொருவர் என்று ஆகிவிட்டால் நடுவில் என்னவும் நுழைந்துவிடும்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான் அண்ணே: தன் மனசைத் தானே பார்ப்பதற்கு மையோ, பளிங்கோ, சட்டித் தண்ணீரோ, எது வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, யார் நாட்டுச் சரக்கு என்றும் கேட்க மாட்டேன். அடுத்தவர் பெயரைக் கேட்டு எதைப் பார்த்தாலும் ஆட்சேபம். பெருமாள்புரம் வாசகிக்கும் இதைத்தான் சொல்கிறேன். ஆபீஸில் உன்னைப் பற்றிப் பேசியது யார், காதலன் மனசில் யார் என்றெல்லாம் அதனிடம் கேட்காதே தாயி. உனக்கு ஏற்கெனவே யார்மேல் சந்தேகமோ அவர் சேலை நிறம்தான் தெரியும்.

ஆட்டைப் பொறுத்தவரை, பக்கத்துத் தோட்டத்தில் முதலில் பாருங்கள்.

*

கேள்வி: அண்ணாச்சி, என் மகள் ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றிக் கண்ணாடிக் குண்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் விக்கா என்கிறாள். சூனியக்காரிகளின் மதமாம், அவளே சொல்கிறாள். கறுப்புப் பிடி போட்ட கத்தி வேறு வாங்கி வைத்திருக்கிறாள். எங்கள் குலதெய்வம் சொரிமுத்து அய்யனார். இது எங்கே போய் முடியும்? போதாக்குறைக்கு என் மாமியார் கையால் திரித்த பிரிமணையைக் காணவில்லை. குழம்புச் சட்டியைத் தரையில் வைக்கிறேன். (ஒரு தாய், பாளையங்கோட்டை)

பதில்: தங்கச்சி, பாதிப் பயம் அந்தச் சொல்லினால் வந்தது. நம் ஊரில் சூனியம் என்றால் இன்னொருத்தரைக் கெடுக்க ராத்திரியில் ரகசியமாகச் செய்வது. உங்கள் மகள் சொல்வது அது இல்லை. அவர்கள் வழியில் திரும்பத் திரும்பச் சொல்லும் விதி ஒன்று உண்டு. யாருக்கும் கேடு இல்லாதவரை விரும்பியதைச் செய், அவ்வளவுதான். சாத்தானும் அதில் கிடையாது, அது கிறிஸ்தவத்தில் உள்ள ஆள். இவர்கள் கும்பிடுவது நிலாவோடு சேர்த்து நினைக்கும் ஒரு அம்மனையும், கொம்பு வைத்த ஒரு சாமியையும். வருஷத்துக்கு எட்டுத் திருவிழா, அதுபோகப் பௌர்ணமி.

பழைய மதம் என்பார்கள், ஆனால் இப்போது இருக்கிற உருவத்தில் நம் வயசுதான். இதை உலகுக்குச் சொன்னவர் ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். 1884-ல் பிறந்தவர். பதினாறு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார், பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாக வேலை பார்த்தார். நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்களும் தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்த அதே காலம். இங்கிலாந்தில் சூனியத் தடைச் சட்டத்தை 1951-ல் எடுத்தார்கள். 1954-ல் அவர் வெளிப்படையாகப் புத்தகம் எழுதினார். டோரீன் வாலியன்டே என்ற அம்மாள் மந்திரப் பாட்டுகளை நன்றாகத் திருத்தி எழுதிக் கொடுத்தார். ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி ஆரம்பித்தது என்று தெரிந்தபோது எனக்குப் பாதி மர்மம் போய்விட்டது.

அந்தக் கத்தி வெட்டுவதற்கு இல்லை. காற்றில் வட்டம் வரைய மட்டும். முருங்கைக்காய் நறுக்கக்கூட எடுக்கக் கூடாது என்பது வழக்கம். நீங்கள் தெரியாமல் எடுத்து வெங்காயம் நறுக்கிவிடாதீர்கள், வீட்டில் சண்டை வரும்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு போய்ச் சமைத்துச் சாப்பிட்டு, சாமி வந்து ஆடுகிறவரிடம் திருநீறு வாங்கி வருகிற குடும்பம்தானே உங்களுடையது? அவர்களுக்கு அக்டோபர் 31-ல் ஒரு ராத்திரி உண்டு. இறந்துபோனவர்களை நினைக்கிற நாள், குறி பார்க்கிற நாள். அதன் பெயரைத் தமிழில் எழுதினால் 'சாவின்' என்று வருகிறது. பழைய ஐரிஷ் மொழியில் கோடை முடிந்தது என்று அர்த்தமாம். நமக்கு அது ஐப்பசி அடைமழை நேரம், நிலாவைக் கண்ணாலேயே பார்க்க முடியாது. அன்றைக்கு மகள் தன் ஆச்சிக்காக ஒரு தட்டில் ஏதாவது வைத்தால் தடுக்காதீர்கள். என்ன பிடிக்கும் என்று வேண்டுமானால் சொல்லிக் கொடுங்கள். இந்தத் தலைமுறைக்கு அது தெரியாது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது குண்டைப் பற்றி அல்ல. மூன்று விஷயம் பாருங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்குகிறாளா. மெழுகுவத்தியை அணைத்துவிட்டுப் படுக்கிறாளா. இணையத்தில் யாராவது 'உன்மேல் சாபம் இருக்கிறது, இத்தனை ஆயிரம் அனுப்பு' என்று கேட்டு, இவள் அனுப்புகிறாளா. மூன்றாவது நடந்தால் அன்றைக்கே என்னைக் கூப்பிடுங்கள். அப்படிப்பட்ட ஆசாமிகள் நம் ஊரிலும் உண்டு, அங்கேயும் உண்டு.

பிரிமணை எங்கே போயிற்று என்று கண்ணாடிக் கடைக்காரன் சொல்வது முறையல்ல. சந்தையில் பனைநாரில் திரித்தது இன்னமும் விற்கிறார்கள். ஒன்று வாங்கி, வருகிற பௌர்ணமிக்கு முந்தின நாள் மகள் மேஜைமேல் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டு, உங்கள் மாமியார் திரித்ததை எடுத்துக்கொண்டு போய்க் குழம்புச் சட்டிக்கு வையுங்கள். சட்டி அளவுக்கு வாங்க வேண்டாம், சின்னதாகப் பாருங்கள். 80 மில்லிமீட்டர் நழுவாமல் நிற்க வேண்டும்.